மஞ்சள் புடவையைப் பார்த்தது யார்?

யாரோ நம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பு இருக்கிறதே, அது மனுஷனை நெஞ்சு நிமிர்த்தி நடக்கவைக்கும். பெரும்பாலும் அப்படி யாரும் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம். என் புண்ணியத்தில் எங்கள் பெரியப்பா வீடு முழுக்கச் சில மாதங்கள் நிமிர்ந்து நடந்தது. கவிழ்ந்ததும் என் புண்ணியத்தில்தான்.

தெருவுக்குத் தெரு பிரௌசிங் சென்டர் இருந்த காலம் அது. நான் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு 'வெப் கன்சல்டன்ட்' என்று விசிட்டிங் கார்டு அடித்து வைத்திருந்தேன். (கன்சல்ட் செய்ய ஒருத்தரும் வரவில்லை. அப்பா மட்டும், "எப்ப வேலைக்குப் போகப் போற?" என்று வாராவாரம் கன்சல்ட் செய்வார்.) சின்னக் காஞ்சிபுரத்தில் பெரியப்பாவுக்குப் பட்டுப்புடவைக் கடை. எதிர்க்கடைக்காரர் இணையதளம் ஆரம்பித்ததும் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"அவனுக்கு இருக்குதாம் பாஸ்கரு. நமக்கும் ஒண்ணு போடுபா."

போட்டேன். முதலில் எந்தப் புடவையைப் படம் எடுப்பது என்று பார்த்தபோது, கல்லாவுக்குப் பின்னால் இருந்த கண்ணாடி பீரோவில் ஒரு புடவை தனியாக இருந்தது. மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டர். கடையிலேயே அழகு அதுதான். பெரியப்பா இல்லாத நேரமாகப் பார்த்து எடுத்து, படம் பிடித்து, முதல் பக்கத்தில் ஏற்றிவிட்டேன். அது அமுதா அக்காவின் முகூர்த்தப் புடவை என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே செய்தேன். அந்த வயதில் எனக்கு அழகுணர்ச்சி இருந்த அளவுக்கு அறிவு இல்லை.

அமுதா அக்கா பெரியப்பாவின் ஒரே பெண். அவள் கல்யாணத்துக்கென்று பெரியப்பா தானே நிறம் சொல்லி நெய்யவைத்த புடவை. அதற்குள் அக்கா பெங்களூரில் உடன் வேலை பார்த்தவரை ரெஜிஸ்டர் ஆபீஸில் கட்டிக்கொண்டு அமெரிக்கா போய்விட்டாள். எங்கள் ஊர்க் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. கேட்ட சரக்கு கையில் இல்லாவிட்டாலும் 'இல்லை' என்று சொல்லக் கூடாது. 'வரும்' என்றுதான் சொல்ல வேண்டும். அப்படி ஆயுசுக்கும் அந்த வார்த்தையைக் கடையில் சொல்லாத மனுஷர், அன்றைக்கு வீட்டுக் கூடத்தில் நின்று, "எனக்குப் பொண்ணு இல்ல" என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு கிடையாது.

இணையதளத்தில் அந்தப் புடவையைப் பார்த்த பெரியப்பா திட்டப் போகிறார் என்று நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். திட்டவில்லை. நெடுநேரம் பார்த்தார்.

"போட்டது போட்ட. இருக்கட்டும். விக்கறதுக்கில்ல."

"அப்ப ஸ்டாக் இல்லன்னு போட்டுடறேன் பெரியப்பா."

"கடையில அந்த வார்த்தை வரக் கூடாதுபா. வரும்னு போடு."

போட்டேன். இணையதளம் ஓட ஆரம்பித்தது. ஓடியது என்பது கொஞ்சம் மிகை, நொண்டியது. யாராவது ஒரு புடவையின் பக்கத்தைத் திறந்தால், அது உள்ளே இருக்கும் சர்வரிடம், 'இந்தப் புடவை இருக்கிறதா?' என்று கேட்கும். அதைத்தான் ஏபிஐ ரெக்வெஸ்ட் என்பார்கள். கடையில் ஆள் கேட்க, உள்ளே எட்டிப் பார்த்துச் சொல்வதுபோலத்தான். என் சர்வர் சில நேரம் பதிலே சொல்லாமல் ஊமையாக இருந்துவிடும். எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க இரண்டு காரியம் செய்தேன். வந்த கேள்வி ஒவ்வொன்றையும், எந்த நேரம், எந்த நாடு, எந்தப் புடவை, படத்தைத் திறந்தார்களா என்று லாக் என்னும் பதிவேட்டில் ஒரு வரியாக எழுதவைத்தேன். இன்னொன்று, வெளியிலிருந்து ஒரு கம்பெனி நம் பக்கத்தை அடிக்கடி கேட்டுப் பார்த்து, பதில் வராவிட்டால் நமக்கு மெயில் போடும் இலவச சேவை. எந்தப் பக்கத்தைக் கவனிக்க என்று கேட்டது. மற்றதெல்லாம் விற்றுப்போகும், பக்கத்தையே எடுத்துவிடுவோம்; என்றைக்கும் விற்காதது மஞ்சள் புடவைதான் என்று அதைக் கொடுத்தேன். உறுதி செய்து மெயில் வரும் என்றார்கள். வரவில்லை. ஓசியில் கிடைப்பது இந்த லட்சணம்தான் என்று மறந்தே போனேன்.

கொஞ்ச நாள் கழித்து லாக்கைத் திறந்தால் எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைக்கு ஓடினேன்.

"பெரியப்பா, அமெரிக்காவுல யாரோ நம்ம மஞ்சப் புடவையவே பாத்துக்கினு இருக்காங்க. திரும்பத் திரும்ப."

புடவை மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "அமெரிக்காவுலன்னா எங்கபா?"

"நாடு மட்டுந்தான் தெரியும்." (தெரிந்திருந்தாலும் பயனில்லை. எங்களுக்கு அமெரிக்கா என்றால் அக்கா குடியிருக்கும் ஒரு தெரு.)

"பகல்லயா, ராத்திரியா?"

"ரெண்டுலயும்தான். தூக்கம் வரலபோல."

தமாஷுக்குத்தான் சொன்னேன். பெரியப்பா சிரிக்கவில்லை. மடித்த புடவையைப் பிரித்து மறுபடி மடித்தார். அவர் மனசில் என்ன ஓடியது என்று கடையில் புடவை கட்டி நிறுத்தியிருந்த பொம்மைக்குக்கூடப் புரிந்திருக்கும். எனக்குப் புரிய அடுத்த நாள் ஆயிற்று. காலையில் பெரியம்மாவே எங்கள் வீட்டு வாசலில் நின்றாள்.

"டேய், இன்னிக்கும் பாத்துச்சா அமுதா?"

அந்த இடத்தில் ஒரு புத்திசாலி என்ன செய்திருப்பான்? 'அது அக்காவா என்று தெரியாது பெரியம்மா' என்றிருப்பான். நான், "பாத்துச்சு பெரியம்மா" என்றேன்.

அதன் பிறகு நடந்தவை இணையதள வரலாற்றில் எங்கும் நடந்திராது. முந்தானை சரியாகத் தெரியவில்லை, பிரித்துப் போட்டு வேறு படம் எடு என்றார் பெரியப்பா. எடுத்தேன். அடுத்த வாரம் புடவைமேல் ஒரு முழம் மல்லிகை. அதற்கடுத்து, புடவையைப் பெரியம்மா பிடித்துக்கொண்டு நிற்கும் படம். அதற்காக அவள் தலைக்குக் குளித்து வைரத்தோடு போட்டு வந்தாள். பெரியப்பா படத்தில் வரமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். ஆனால் ஓரத்தில் அவர் செருப்பு தெரிகிற மாதிரி நிற்பார். கடைசியாக ஒரு நாள், புடவைக்குப் பக்கத்தில் ஒரு தட்டில் எங்கள் ஊர்க் கோவில் இட்லி வந்தது.

"இது எதுக்கு பெரியப்பா?"

"அதுக்குப் புடிக்கும். எடுபா."

(கோயம்புத்தூரிலிருந்து ஒருவர், 'புடவை வேண்டாம், இட்லி அனுப்புவீர்களா?' என்று மெயில் போட்டார்.)

அமெரிக்காவிலிருந்து அந்தப் பார்வை மட்டும் நிற்கவில்லை. ஒரு நாள் பெரியப்பா, "இவ்ளோ பாக்குது, அதுவா பேச வெக்கப்படுது. நாமதான் கூப்பிடணும்" என்றார். அக்காவின் தோழி ஒருத்தியிடம் நம்பர் வாங்கி, கடை போனில் நான்தான் போட்டுக் கொடுத்தேன். பெரியம்மாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

அக்காவின் 'ஹலோ' வந்தது. பெரியப்பா தொண்டையைச் செருமினார். அத்தனை வருஷத்துக்கு அப்புறம் அவர் பேசிய முதல் வாக்கியம்:

"ஏம்மா, தூக்கம் வரலியா உனக்கு?"

"அப்பாவா?"

"தெனம் பாக்கறியே. எங்களுக்குத் தெரியும்மா. பாஸ்கரு சொல்லிக்கினுதான் இருக்கான்."

"எதப்பா?"

"நம்ம வெப்சைட்ட. உன் புடவைய."

அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "நமக்கு வெப்சைட் இருக்குதாப்பா?"

பெரியப்பா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். வழி தெரியாத ஊரில் பஸ்ஸிலிருந்து இறங்கியவர் மாதிரி பார்த்தார். பிறகு போனிடம், "ஒண்ணுமில்லமா. சாப்டியா?" என்றார். அவள், "நீங்க சாப்டீங்களாப்பா?" என்றாள்.

நான் நேராக பிரௌசிங் சென்டருக்கு ஓடினேன். லாக்கை முதல்முறையாக ஒழுங்காகப் படித்தேன். கேள்விகள் எல்லாம் ஒரே சீராக, கடிகாரம் வைத்த மாதிரி வந்திருந்தன. பதிவு செய்தபோது நான் கொடுத்திருந்த பழைய மெயில் பெட்டியைத் திறந்தால், அந்த இலவசக் கம்பெனியின் மெயில்கள் திறக்கப்படாமல் அடுக்கியிருந்தன. 'எங்கள் அமெரிக்கா சேவை நிலையத்திலிருந்து உங்கள் பக்கத்தைத் தவறாமல் கவனித்து வருகிறோம், நன்றி.' அதோடு போகவில்லை. புடவை இருக்கிறதா என்று மட்டும்தான் அது கேட்டிருந்தது. படத்தை ஒருமுறைகூடத் திறக்கவில்லை. மல்லிகை, பெரியம்மாவின் வைரத்தோடு, பெரியப்பாவின் செருப்பு, இட்லி எதையும் உலகத்தின் அந்தப் பக்கம் ஒரு ஜீவனும் பார்த்திருக்கவில்லை.

திரும்பி வந்து சொன்னேன். "நான்தான் பெரியப்பா."

"நீ இங்கதானபா இருக்கற?"

"நான் வெச்ச ஒரு மிஷின். அந்தப் புடவை பக்கம் உயிரோட இருக்குதான்னு கேட்டுக்கினே இருக்கும். நிறுத்திடறேன்."

பெரியப்பா பீரோவைப் பூட்டினார். "வேணாம். கேக்கறதுக்காவது ஒண்ணு இருக்குதே. கேக்கட்டும்."

நான் எங்காவது போய் அழுதிருக்கலாம். அழுதேன்தான். அதற்குள் இரண்டு நாளில் லாக்கில் ஒரு வரி வந்தது. அமெரிக்கா. சீரான வரிகளுக்கு நடுவே, தாளம் தப்பி. அது புடவை இருக்கிறதா என்று கேட்டதோடு நிற்காமல் படத்தையும் திறந்திருந்தது. பெரியதாக்கிப் பார்க்கும் படத்தையும் திறந்திருந்தது. திரும்பவும், திரும்பவும். நான் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே கடைக்கு ஓடினேன்.

"பெரியப்பா, இது நெசம். அக்கா பாத்திருக்குது."

அவர் கணக்குப் பார்ப்பதை நிறுத்தாமல் சொன்னார்: "போடா. அதுவும் நீதான்."

எவ்வளவோ விளக்கினேன். அக்காவையே கேளுங்கள் என்றேன். "பாத்தியான்னு கேட்டா, பாத்தேன்னுதான் சொல்லும். பொண்ணுல்ல?" என்று முடித்துவிட்டார். நானே அக்காவிடம் கேட்டிருக்கலாம். இன்னொரு 'எதப்பா?' கேட்க எனக்குத் தெம்பு இல்லை. அவர்கள் இருவரும் அவ்வப்போது போனில் பேசினார்கள். மழை பெய்யுதா, குளிருதா, சாப்டியா. புடவையைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் 'அதுவும் நீதான்' என்பது நிலைத்துவிட்டது. இன்றைக்கும் நான், 'என்னை யாரோ கம்பெனியில் விசாரிச்சாங்களாம்' என்று ஆரம்பித்தால் என் மனைவி சமையலறையிலிருந்தே, "அதுவும் நீங்கதான்" என்பாள். காலிங் பெல் அடித்தால் என் பெண் அதையே சொல்கிறாள். அமுதா அக்கா ஊருக்கு வந்தால் அவளும் சேர்ந்துகொள்வாள். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

ஒரே ஒரு நாள் சிரிக்கவில்லை. அக்கா முதல்முறை ஊருக்கு வந்த நாள். அடுத்த கோவில் திருவிழாவுக்கு வருவதாகத்தான் இருந்தாள். அதற்கு முன்பே ஒரு காலையில், கடையைத் திறக்கக் கிளம்பின இடத்தில் பெரியப்பா போய்விட்டார். விமான நிலையத்திலிருந்து அழைத்து வரும் வழியில் ஒருவழியாகக் கேட்டேன்.

"அக்கா, அந்தப் படத்தத் தெறந்தது நீதானே?"

"அன்னிக்கு போனை வெச்ச ஒடனே தேடினேன்டா. ரெண்டு நாள் ஆச்சு கண்டுபுடிக்க. அந்த இட்லி... அப்பா செருப்பு தெரியுது பாரு, ஓரத்துல." வெளியே பார்த்துக்கொண்டு கேட்டாள். "அப்பாக்குத் தெரியுமா, நான் பாத்தது?"

"சொன்னேன். நம்பல. அதுவும் நீதான்னுட்டாரு."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் சிரித்தாள். ஊர் எல்லை வரும்போது அது வேறு ஏதோவாக மாறியிருந்தது.

வீட்டில் பெரியப்பா படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். பெரியம்மா மஞ்சள் புடவையைக் கொண்டுவந்து அக்கா கையில் வைத்தாள். அக்கா அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படத்துக்கு முன்னால் நின்று, சின்னக் குழந்தை தப்பை ஒப்புக்கொள்வதுபோல மெல்லச் சொன்னாள்:

"அது நான்தான்பா."