மழை பெய்தால் வாடகை இல்லை

முதல் துளி மேலாளரின் வழுக்கையில்தான் விழுந்தது. தாமதமாக வந்த ஊழியனைப் பார்ப்பதுபோல் அவர் வானத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“சார், மழை!” என்றாள் வரவேற்பு மேசைப் பெண்.

“மழைன்னு யாரும்மா சொன்னா? காத்துல கடல் தண்ணி தெறிக்குது.”

“கடல் அந்தப் பக்கம் சார். காத்து இந்தப் பக்கத்துலேருந்து வருது.”

விடுதி வாசலில் ஆளுயரப் பலகை நின்றது: ‘ஆண்டு முழுவதும் வெயில். மழை பெய்தால் அன்றைய வாடகை இல்லை.’ யோசனை அவருடையது. அந்த ஊரில் பன்னிரண்டு மாதமும் ஒரே வானிலை. காலண்டரைப் பார்த்தால்தான் மாதம் தெரியும். “மழை பெஞ்சா என்னைக் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளுங்க மாமா” என்று முதலாளியிடம் மார்தட்டியிருந்தார். முதலாளி மாமனாரும்கூட. தள்ளினால் ஒரே தள்ளில் விடுதி, வீடு இரண்டிலிருந்தும் வெளியே போகவேண்டியதுதான்.

தோட்டக்காரரைக் கூப்பிட்டார். “எல்லாக் குழாயையும் திறந்து செடிக்குத் தண்ணி அடிங்க.”

“மழையில எந்த மடையன் சார் தண்ணி விடுவான்?”

“அதேதான்! நாம விடுறதைப் பார்த்தா மழை பெய்யலன்னு ஆயிடும்ல?”

சம்பளம் வாங்குகிற இடத்தில் தர்க்கம் பேசக் கூடாது என்று தோட்டக்காரர் குழாயை எடுத்தார்.

மூன்றாம் மாடி முழுவதையும் பத்து நாளைக்கு எடுத்திருந்த மூக்குக்கண்ணாடிக்காரர் மனைவி மக்களோடு இறங்கி வந்தார்.

“எங்க பால்கனி நனையுதே, மழைங்களா?”

செடிக்கு விடும் தண்ணீர் மூன்றாம் மாடிக்கு ஏறாதே! “மொட்டை மாடி கழுவுறோம் சார்” என்றார் மேலாளர். அந்தச் சொல்லைக் காப்பாற்றத் தோட்டக்காரர் நீளக் குழாயோடு மேலே ஓடினார்.

இடி இடித்தது.

“மேல கட்டில் நகர்த்துறாங்க.”

“மேல மொட்டை மாடிதானே?”

“கழுவத்தான் சார் கொண்டு போயிருக்காங்க.”

“நிஜமாவே மழை இல்லையா? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க.”

ஓசி வாடகைக்கு எப்படி நாக்கைத் தொங்கப் போடுகிறான் பார் என்று மேலாளர் கறுவினார். சின்னப் பெண் வெளியே கை நீட்டினாள். வெடுக்கென்று உள்ளே இழுத்தார்.

“தொடாத கண்ணு. அழுக்குத் தண்ணி, சொறி பிடிக்கும். என் பிள்ளைங்க மேல சத்தியம் சார், ஒரு சொட்டு மழை இல்ல!”

குடும்பம் மாடியேறியது. ஜெயித்த களிப்பில் அவர் மாமனாருக்குப் போன் போட்டார்.

“மாமா, இங்க பொட்டு மழை கிடையாது.”

“வீட்டுல கொட்டுதே மாப்பிள்ளை?”

“அது உங்க தெரு மாமா.”

கொஞ்ச நேரத்தில் வெயில் பளீரென்று அடித்தது. யாரும் நிறுத்தச் சொல்லாததால் தோட்டக்காரரின் மழை மட்டும் நிற்கவில்லை. மேலாளர் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டினார். அப்போதுதான் பெட்டிகள் இறங்கி வந்தன.

“என்ன சார், பத்து நாள்னு சொன்னீங்க? வெயிலுக்கு இங்க என்ன குறை?”

மூக்குக்கண்ணாடிக்காரரின் மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“வெயில் நாங்க இருக்குற பாலைவனத்துலயே வண்டி வண்டியாக் கிடக்குதுங்க, பிறந்ததுலேருந்து மழையே பார்க்காத பிள்ளைங்க, மழைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ரெட்டை வாடகை குடுத்தாவது இருந்திருப்போம்.”