நொலீன் எக்ஸ்சேஞ்ச்

இனி உயிருள்ளவரை ஏணியில் கால் வைப்பதில்லை என்று நான் சபதம் எடுத்துப் பதினேழு வருடம் ஆகிறது. ஓய்வு பெற்ற அன்று எடுத்த சபதம். அதற்குமுன் முப்பத்தெட்டு வருடம் டெலிபோன் லைன்மேன். ஆஸ்திரேலியாவின் விம்மரா கோதுமைக் காட்டில் இந்த மெர்வ் ஹாடோ ஏறாத கம்பம் இல்லை. அவனைக் கொத்தாத மேக்பை பறவையும் இல்லை. கடைசிக் கம்பத்திலிருந்து இறங்கியதும் அதைத் தட்டிக்கொடுத்து, "போதுமப்பா, இனி நீ நின்றுகொள், நான் உட்கார்ந்துகொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் மனைவி நொலீன் இந்தச் சபதத்தை மதிக்கிறவள். வருடத்தில் பதினோரு மாதம் மதிப்பாள். நவம்பர் வந்தால் மட்டும் கூரையை நிமிர்ந்து பார்ப்பாள். கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடுவதற்கு ஒரு தகர வாய்க்கால் உண்டு. வருடம் முழுக்க யூகலிப்டஸ் சருகு அதில் விழுந்து மெத்தை மாதிரி கிடக்கும். கோடைக்காற்று அடித்து எங்கேயோ புல் பற்றிக்கொண்டால், ஒரு பொறி பறந்துவந்து அதில் உட்கார்ந்தால் போதும், வீடு காலி. வருடா வருடம் வந்து அதை வாரிக்கொண்டிருந்த ஆள் இந்தத் தடவை குவீன்ஸ்லாந்துக்குக் குடிபோய்விட்டான்.

"மெர்வ், வாய்க்கால்" என்பாள் காலையில், குட்மார்னிங்குக்குப் பதிலாக.

"சபதம்" என்பேன் நான்.

இப்படியே பத்து நாள் போயிற்று. பதினோராவது நாள், நான் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தபோது பந்து போடுகிறவன் ஓடிவந்து கையைத் தூக்கியவன் தூக்கியபடியே நின்றுவிட்டான். திரையின் நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. வட்டம் நின்றபோது மட்டையாளர் பெவிலியனில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"நெட் ஸ்லோவா இருக்கு நொலீன்!"

"ஆமா, ஒரு மாசமாவே அப்படித்தான். டெக்னீஷியனைக் கூப்பிடட்டா?"

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "யாரு வீட்டுக்கு டெக்னீஷியன்? இந்த ஜில்லாவுக்கே லைன் இழுத்தவன் நான். என் வீட்டு லைனைப் பாக்க இன்னொருத்தன் வருவானா?"

"நீ இழுத்தது செம்புக் கம்பி. இதுல கம்பியே இல்லையே."

"லைன்னா லைன்தான். சனிக்கிழமைக்குள்ள கோளாறு எங்கேன்னு கண்டுபிடிக்கிறேன். பந்தயம் வெச்சுக்கலாமா?"

"என்ன பந்தயம்?"

"நான் ஜெயிச்சா, அந்த வாய்க்காலைப் பத்தி உன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வரக்கூடாது. எப்பவுமே."

"தோத்தா?"

"நானே ஏறி சுத்தம் பண்றேன்."

நொலீன் மாவுக் கையைத் துடைத்துவிட்டு நீட்டினாள். "சரி. நீ ஜெயிச்சா வாயைத் திறக்க மாட்டேன். சத்தியம்." கை குலுக்கினோம். வழக்கமாக எதற்கும் ஒரு மணி நேரம் பேரம் பேசுகிறவள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டாளே என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கெட்டிலில் தண்ணீர் கொதித்துவிட்டது, டீ குடிக்கப் போய்விட்டேன்.

புதன்கிழமை வேலையைத் தொடங்கினேன். ஷெட்டிலிருந்து என் பழைய கோளாறுப் பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டினேன். நெட்டில் வேகம் அளக்கும் பக்கம் ஒன்று உண்டு, அதில் ஒரு பொத்தான். அமுக்கினால் முள் எழும்பி ஆடி ஒரு எண்ணில் நிற்கும். எங்களுக்குத் தருவதாகச் சொன்ன வேகம் ஐம்பது. முன்னறையில் மோடம் பக்கத்தில் லேப்டாப், நாற்பத்தொன்று. சமையலறையில் டேப்லெட், ஒன்பது. ஹாலில் டிவி, ஐந்து. படுக்கையறையில் நொலீனின் போன், ஏழு. கக்கூஸில் என் போன், இரண்டு.

"அங்க உக்காந்துட்டு அளக்கணுமா?" என்று கதவுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது.

"எல்லா இடத்துலயும் அளக்கணும். முறைன்னு ஒண்ணு இருக்கு."

"அங்க ரெண்டே போதும் மெர்வ். அதுக்கு மேல வேகம் இருந்தா நீ வெளியவே வரமாட்ட."

முதலில் மைக்ரோவேவ் மேல் சந்தேகப்பட்டேன். அது ஓடும்போது வைஃபை தடுமாறும். இரண்டு நாள் அதைத் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டேன். முள் அசையவில்லை. நேற்றைய ஆட்டுக்கறியைச் சூடு பண்ணாமல் ஜில்லென்று தின்றதுதான் மிச்சம். அடுத்து சுவரிலிருந்து மோடத்துக்கு வரும் பழைய வயரை மாற்றினேன். ஐந்து ஆறானது. மோடத்தை மீன் தொட்டிக்குப் பின்னாலிருந்து எடுத்துப் புத்தக அலமாரி மேல் வைத்தேன். மீன்களுக்கு மகிழ்ச்சி. எனக்கு அதே ஆறு.

மனம் தளரும்போதெல்லாம் எனக்குப் பழைய நாள் ஞாபகம் வரும். வந்தால் வாய்விட்டுச் சொல்லிவிடுவேன்.

"அந்தக் காலத்துல எட்டுப் பண்ணைக்கு ஒரே கம்பி நொலீன். ஒரு வீட்டுக்கு ஒரு மணி. ஒரு நீளம் ரெண்டு குட்டை அடிச்சா பாஸ்கோ வீடு. ரெண்டு குட்டை ஒரு நீளம்னா ரட்டக் வீடு. யாரு பேசினாலும் எட்டு வீடும் கேக்கும். ஒருத்தராவது முணுமுணுத்தாங்களா? பங்கு போட்டுக்கத் தெரிஞ்ச ஜனங்க. இப்ப ஒரே வீட்டுல ரெண்டு பேருக்கு ஒரு லைன் பத்தல."

"இதை அடிக்கடி சொல்லுவ" என்றாள் நொலீன், கட்டையால் மாவைத் தேய்த்துக்கொண்டே.

சொல்லாமல் எப்படி இருப்பேன்? என் கல்யாணமே அந்தக் கம்பியில்தான் நடந்தது. ஊரில் அப்போது கையால் இணைக்கிற எக்ஸ்சேஞ்ச். அதில் நொலீன் ஆபரேட்டர், வயது இருபது. நான் கம்பத்தின் உச்சியில் டெஸ்டிங் போனைக் கம்பியில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றுவேன். "எக்ஸ்சேஞ்ச். எந்த நம்பர் வேணும்?" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்காக ஆரோக்கியமான ஒரு கம்பத்தை ஒரே வாரத்தில் நான்கு தடவை பழுது பார்த்திருக்கிறேன். "அந்தக் கம்பத்துக்கு அப்படி என்ன வியாதி, மிஸ்டர் ஹாடோ?" என்று ஐந்தாவது தடவை கேட்டாள். அதற்குமேல் தாங்காமல், நாற்பது அடி உயரத்தில் வலது கையால் கம்பத்தைக் கட்டிக்கொண்டு, என்னைக் கட்டிக்கொள்வாயா என்று கேட்டுவிட்டேன்.  உடனே ஒரு குரல் வந்தது. நொலீன் குரல் இல்லை.

"சரின்னு சொல்லித் தொலையேன் பொண்ணே, அடுப்புல என் கறி கருகுது!"

பாஸ்கோ பண்ணை அம்மாள். முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நொலீன் சிரித்தாள். எட்டு வீடும் சிரித்தது. கம்பத்து உச்சியில் நானும் சிரித்தேன். 

இருக்கட்டும். கோளாறுக்கு வருவோம். பதிவேட்டைப் புரட்டியதில் ஒன்று தெரிந்தது. காலையில் வேகம் சுமாராக இருக்கிறது. இரண்டு நாளும் சாயங்காலம் சரியாக நாலு மணிக்குப் படுத்துவிடுகிறது. கம்பிக்கோ காற்றுக்கோ கடிகாரம் தெரியாது. மனுஷனுக்குத்தான் தெரியும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு லேப்டாப்பில் மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தேன். வீட்டு வைஃபையில் இந்த நிமிடம் யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று அதில் பெயர் பெயராகக் காட்டும். எங்கள் லேப்டாப், டேப்லெட், டிவி, இரண்டு போன். அதற்குக் கீழே இன்னும் இரண்டு பெயர்.

'நீளம் குட்டை குட்டை.'

'குட்டை குட்டை நீளம்.'

எட்டு வீட்டு மணியையும் உலகத்தில் இன்னும் ஞாபகம் வைத்திருப்பவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான்.

"நொலீன்!"

"என்ன?"

"மிஸஸ் பாஸ்கோவுக்கு நம்ம வைஃபையைக் கொடுத்தியா?"

பண்ணையை விற்றுவிட்டு ஊருக்குள் வந்த மிஸஸ் பாஸ்கோவுக்கு இப்போது எண்பத்தாறு வயது. எங்களுக்கு வலப்பக்கத்து வீடு. இடப்பக்கத்து வீடு கிளெம் ரட்டக், ஒரு காலத்தில் ஆட்டு ரோமம் கத்தரித்தவன், இப்போது இடுப்பு எலும்பு மாற்றியவன்.

"கொடுத்தேன். கிளெமுக்கும் கொடுத்தேன்" என்றாள் அவள், அலட்டிக்கொள்ளாமல். "புது லைன் வரும் வரும்னு எட்டு வாரமா காத்திருக்காங்க, பாவம். ஒரு மாசமா நம்ம வீட்டுல முட்டையா குவியுதே, நாம என்ன கோழியா வளக்கறோம்? அந்த எலுமிச்சை கேக்கை மூணு துண்டு தின்னியே, அது யாரு சுட்டதுன்னு நினைச்ச?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"நீதான் தினமும் சொல்றியே. எட்டு வீட்டுக்கு ஒரே கம்பி, பங்கு போட்டுக்கத் தெரிஞ்ச ஜனங்கன்னு. இது நம்மளோட சேத்து மூணு வீடுதானே."

 வாதத்தில் தோற்ற ஆண்பிள்ளை செய்வதை நானும் செய்தேன். மோடத்தின் பிளக்கைப் பிடுங்கினேன்.

இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. வேலிக்கு அப்பால் மிஸஸ் பாஸ்கோ வந்து நின்றாள். தலை வாரி, உதட்டுக்குச் சாயம் பூசி, முத்துமாலை போட்டு, கையில் டேப்லெட்டை ஏந்தியபடி. உலகத்தின் மறுகோடியில், கடலுக்கு நடுவில் எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்யும் அவள் மகன், அங்கே விடிவதற்குமுன், வேலைக்குக் கிளம்பும் நேரம் கூப்பிடுவான். அது நமக்கு நாலு மணி. மறுபக்க வேலியில் கிளெம், ஊன்றுகோலோடு.

"மெர்வ்" என்றாள் மிஸஸ் பாஸ்கோ, "லைன் செத்துப்போச்சுப்பா. எப்ப வரும்?"

முப்பத்தெட்டு வருடம் என் காதில் விழுந்த கேள்வி. வயல் நடுவில், பண்ணை வாசலில், இடி விழுந்த மறுநாள் காலையில், இதே குரலில் கேட்ட கேள்வி. பதினேழு வருடமாக என்னை யாரும் கேட்கவில்லை. அது எவ்வளவு பெரிய குறை என்று அந்த நிமிடம்வரை எனக்கே தெரியாது. கோபமாகத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"பத்து நிமிஷம், மிஸஸ் பாஸ்கோ. பாத்துட்டே இருக்கேன்."

உள்ளே ஓடிப்போய்ப் பிளக்கைச் செருகினேன். நொலீன் எனக்கு ஒரு துண்டு கேக் வைத்தாள்.

"கோளாறைக் கண்டுபிடிச்சுட்டேன்" என்றேன், கேக்கை மென்றுகொண்டே. "தூரத்து வீட்டுக்கு சிக்னல் சரியா போகல. காது கேக்காதவன்கிட்ட பேசற மாதிரி மோடம் ஒவ்வொண்ணையும் பத்து தடவை கத்துது. அதுலயே நம்ம நேரமும் போயிடுது. வெளியில, உசரத்துல ஒரு பெட்டி வெச்சா மூணு வீட்டுக்கும் நல்லா வரும்."

"இந்த மாதிரி பெட்டியா?" இஸ்திரித் துணிக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்தாள். "மூணு வாரத்துக்கு முன்னாடி வாங்கினேன். கூரை உச்சியில மாட்டணுமாம். நீ சிரமப்படாத மெர்வ், உன் சபதம் முக்கியம். டெக்னீஷியனே வந்து ஏறட்டும்."

"என் கூரையில இன்னொருத்தன் ஏணி வைக்கிறதா? நாளைக்கு நானே ஏறறேன்!"

"அய்யோ, வேண்டாம்னு சொன்னா கேக்கவா போற" என்றாள், ரொம்ப வருத்தமாக.

சனிக்கிழமை பிற்பகல் ஒன்றரைக்கு ஏறினேன். எழுபத்திரண்டு வயதுக் கால்கள் தாமாகவே படியைத் தேடிக்கொண்டன. மேலே நல்ல காற்று. தூரத்தில் தானியக் கிடங்குகள், அறுவடைக்குக் காத்திருக்கும் கோதுமை, நான் நட்ட கம்பங்களில் இன்னும் நிற்கிற நாலைந்து. பெட்டியைப் புகைபோக்கியில் திருகி இறுக்கினேன். போனை எடுத்து நொலீனைக் கூப்பிட்டேன்.

"டெஸ்டிங். கேக்குதா?"

 அந்தக் குரல் வந்தது. இருபது வயதுக் குரல்.

"எக்ஸ்சேஞ்ச். எந்த நம்பர் வேணும்?"

 கூரை உச்சியில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சினேன். கீழே மூன்று பேரும் ஆளுக்கொரு கருவியில் அளந்தார்கள். மிஸஸ் பாஸ்கோ வீட்டில் முப்பத்தெட்டு. கிளெம் வீட்டில் நாற்பது. எங்கள் டிவியில் நாற்பத்தாறு. கக்கூஸில் முப்பது. கிளெம் ஊன்றுகோலைத் தூக்கி ஆட்டினான்.

"பந்தயத்துல நீதான் ஜெயிச்ச மெர்வ்" என்றாள் நொலீன் போனில். "சத்தியம் பண்ணபடி, அதைப் பத்தி என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது."

வெற்றி வீரனாக எழுந்து ஏணிப் பக்கம் நடந்தேன். ஏணி இருந்த இடத்தில் ஏணி இல்லை. அங்கே ஒரு கயிறு தொங்கியது. கயிற்றில் ஒரு புது வாளி. வாளிக்குள் என் அளவில் ஒரு ஜோடி கையுறை. கீழே நொலீன், கிளெம், மிஸஸ் பாஸ்கோ மூவரும் நிழலில் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் வாக்குத் தவறாதவள். வாய்க்கால் என்ற சொல்லை இன்றுவரை உச்சரிக்கவில்லை. ஏணி மட்டும் நாலு மணிக்குத்தான் திரும்பி வந்தது.