நாற்காலிகளுக்கு நான் வைத்த பரீட்சை

ஒரு நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாதவர்கள் நாற்காலி வாங்கப் போகக் கூடாது. இதை யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால், என் மாமனாரின் வேட்டி ஒன்று பிழைத்திருக்கும்.

அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. கிள்ளானில் ஒரு வரிசை வீட்டில் நானும் அம்மாவும் இருந்தோம். எங்கள் கார் போர்ச்சில் கார் நிற்காது (அது பாவம், எப்போதும் ரோட்டில்தான்). வருகிற ஆண்கள் உட்கார்ந்து பேசும் இடம் அது. பல வருடமாக அங்கே வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. வெயில் பட்டுப் பட்டு அவை அப்பளம் மாதிரி ஆகி, ஒரு நாள் ஒன்றின் கால் முறிந்து பக்கத்து வீட்டு அங்கிள் மல்லாந்து விழுந்தார். இனி வாங்கினால் ஆயுசுக்கும் வாங்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

எதை வாங்குவது என்பதில்தான் தூக்கம் போயிற்று. தேக்கு காலத்துக்கும் நிற்கும், ஆனால் அவ்வப்போது எண்ணெய் பூசிச் சீராட்ட வேண்டும். இரும்பு அசையாது, ஆனால் நம் ஊர் மழைக்குத் துருப்பிடிக்கும். பிரம்பு பார்க்க அழகு, நனைந்தால் போச்சு. அலுமினியத்தைத் தூக்கினால் கையில் ஒன்றுமே இல்லாதது போல் இருந்தது. அதனாலேயே அதன் மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. வாராவாரம் ஸ்ரீ கெம்பாங்கான் நாற்காலிக் கடைகளுக்குப் போவேன், எல்லாவற்றிலும் உட்கார்ந்து எழுவேன், வெறுங்கையோடு திரும்புவேன். "பாஸ், இன்னிக்கும் உட்கார மட்டும்தானா?" என்று ஒரு கடைக்காரர் கேட்க ஆரம்பித்துவிட்டார்.

கடைசியில் தேக்கு, இரும்பு, பிரம்பு மூன்றிலும் ஒவ்வொன்று வாங்கி, போர்ச்சின் விளிம்பில் வெயிலும் மழையும் படும்படி வைத்தேன். ஒரு வருடம் கழித்து எது தாங்குகிறதோ, அதிலேயே ஒரு செட் வாங்குவதாகத் திட்டம். பழைய பிளாஸ்டிக்கை எல்லாம் பழைய சாமான் லோரியில் ஏற்றி அனுப்பினேன்.

"நாலு பேரு வந்தா எங்கடா உட்காருவாங்க?" என்றார் அம்மா.

"ஒரு வருஷத்துக்கு யாரும் வராம பார்த்துக்குங்கம்மா" என்றேன்.

வருடம் முடிவதற்குள் பெண் வீட்டார் வருவதாகச் சொன்னார்கள்.

பெண் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த தேவிகா. ஜாதகம் பொருந்தி, நாங்கள் போனில் பேச ஆரம்பித்திருந்தோம். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துவிட்டது. அவள் கூப்பிடாத நாளில் வாசல் கேட்டுக்கும் சமையலறைக்கும் நடந்தே செருப்பைத் தேய்த்தேன். பாக்கி இருந்தது ஒன்றுதான். அவர்கள் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும். "அப்பா ஒரு தடவ வேணாம்னா வேணாம்தான் லா. நான் அழுதாலும் மாற மாட்டாரு" என்று தேவிகா எச்சரித்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலத்துக்கு முன்பே பேசி முடிக்க வேண்டும் என்று, வெயில் கொளுத்தும் மூன்று மணிக்கு வந்தார்கள்.

முந்தின நாள் நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் அது நானா? நரைத்துக் கிடந்த தேக்கைப் பார்க்க மனசு கேட்காமல், எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பூசினேன். சாயங்காலம் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. காலையில் தொட்டுப் பார்த்தபோது காய்ந்த மாதிரிதான் இருந்தது.

பெண்கள் உள்ளே போய் சோபாவை நிரப்பினார்கள். தேவிகாவின் அப்பா, பெரியப்பா, தாய்மாமன் மூவரும் வழக்கம்போல் போர்ச்சில் தங்கினார்கள். மூன்று பேர், மூன்று நாற்காலி. கடவுளே கணக்குப் பார்த்து அனுப்பியதாக நினைத்துப் பூரித்துப்போனேன்.

அப்பா தேக்கில் அமர்ந்து, கைப்பிடியைத் தட்டி, "நல்ல மரம்" என்றார். பெரியப்பா இரும்பில் உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். "கீழ அடுப்பு கிடுப்பு வச்சிருக்கீங்களா தம்பி?" நான் பதில் தேடுவதற்குள், நல்ல உடம்புக்காரரான தாய்மாமன் பிரம்புக்குள் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தார். முழங்கால் இரண்டும் நெஞ்சுக்கு வந்துவிட்டன. கையைப் பிடித்து இழுத்தேன். அவரோடு நாற்காலியும் வந்தது. உதவிக்கு அப்பா எழுந்தார். தேக்கு அவரை லேசில் விடவில்லை, பசக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

தேநீர்த் தட்டோடு வந்த அம்மாதான் முதலில் பார்த்தார். தேவிகா அப்பாவின் நெற்றியில் மூன்று பட்டைத் திருநீறு. பின்னால், வெள்ளை வேட்டியில், மூன்று பட்டைத் தேக்கெண்ணெய்.

"பரீட்சை வச்சிருக்கேன் அங்கிள்" என்று உளறினேன். "எது ரொம்ப நாள் வரும்னு பார்க்க."

"எவ்வளவு நாளா?"

"எட்டு மாசமா, அங்கிள்."

அவர் நின்றபடியே தேநீரைக் குடித்தார். காரில் பழைய செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து போய்விட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கேட்டுக்கும் சமையலறைக்கும் மறுபடி நடந்தேன்.

"உட்காருடா, தலை சுத்துது" என்றார் அம்மா.

"எதுலம்மா?"

விளக்கு வைக்கும் நேரத்தில் தேவிகா கூப்பிட்டாள். முதலில் சிரிப்பு மட்டும்தான் கேட்டது. "வேட்டிய பார்த்தேன்" என்றாள்.

"அப்பா என்ன சொன்னாரு?"

"'ஒரு நாற்காலிக்கே எட்டு மாசம் யோசிக்கிறவன், பொண்ண அவசரப்பட்டு விட்டுட்டுப் போக மாட்டான். கட்டிக் கொடுக்கலாம்'னாரு."

நடந்துகொண்டிருந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஆனா ஒன்னு" என்றாள். "'அந்த வீட்டுல மட்டும் நான் உட்கார மாட்டேன்'னும் சொன்னாரு."

மாமனார் சொன்ன சொல் தவறாதவர். இன்றுவரை எங்கள் வீட்டுக்கு வந்தால், முதலில் காரின் பின்கதவைத் திறந்து ஒரு மடக்கு நாற்காலியை எடுப்பார். அலுமினியம். இத்தனை வருட மழையிலும் வெயிலிலும் ஒரு பொட்டுத் துரு இல்லை. அதைப் பார்த்துத்தான் நானும் அலுமினிய செட்டே வாங்கிப் போட்டேன் (காரணத்தை அவரிடம் சொல்லவில்லை). அந்த செட்டைத் தட்டிப் பார்த்து, "நல்லாருக்கு மாப்ள" என்பார். பிறகு தன்னுடையதை விரித்து உட்காருவார்.

போன தீபாவளிக்கு என் மேலதிகாரி முதல்முறையாக வீட்டுக்கு வந்தார். பிறந்ததிலிருந்து தாத்தாவைப் பார்த்து வளர்ந்த என் மகள் கேட்டைத் திறந்து, அவருடைய வெறுங்கையைக் கவலையோடு பார்த்தாள்.

"அங்கிள், உங்க நாற்காலிய எடுத்துட்டு வரலியா?"

அவர் திரும்பித் தன் காரைப் பார்த்தார்.