ஊதா வால் எலியும் என் கஃபீலும்

நவம்பர் முதல் தேதி காலை ஒரு தீர்மானம் எடுத்தேன். இனி நடப்பதில்லை.

வீட்டுக்குள் நடக்கலாம். சோறு இருக்கும் இடத்துக்கு நடக்கலாம். ஆனால் உடம்புக்கு நல்லது என்று கையை வீசிக்கொண்டு போவது, போன இடத்தில் ஒரு வேலையும் இல்லாமல் திரும்பி வருவது, இதெல்லாம் கிடையாது. வளைகுடாவில் முப்பத்தொரு வருஷம் வேலைக்காக நடந்தாயிற்று. ஜுபைல் எண்ணெய் ஆலையில் பதினாறு. ருவைஸ் ஆலையில் பதினைந்து. குழாய்க்குக் குழாய், ஏணிக்கு ஏணி. போதும். கலாஸ்.

தீர்மானத்துக்குக் காரணம் புஷ்பமேரி. என் மனைவி. ராசல் கைமாவில் ஒரு கிளினிக்கில் தலைமை நர்ஸ். முதல் நாள் என் ரத்தத்தை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் ஒரு தாளோடு வந்தாள்.

"எப்சிபாக்க அப்பா," என்றாள். எப்சிபா எங்கள் மகள். "மூணு மாச சர்க்கரை ஒம்பது புள்ளி எட்டு. பிப்ரவரி ஒண்ணாந்தேதி டாக்டர் மறுபடி பாப்பாராம். எட்டுக்குக் கீழ வரல்லன்னா இன்சுலின் ஊசிதான்."

"ஊசி வேண்டாம்."

"அப்ப நடங்க."

"நடக்க மாட்டேன்."

"அப்ப ஊசி."

"சம்மதிக்க மாட்டேன்."

"ஊசி போடுகது நான். உங்க சம்மதம் எதுக்கு?"

அதுதான் விஷயம். ரிட்டயர் ஆன அன்றே என் விசா முடிந்தது. அவள் வேலையில் இருக்கிறாள். அதனால் இப்போது நான் அவள் விசாவில் இருக்கிறேன். என் கஃபீல், அதாவது விசா ஸ்பான்சர், என் பெண்டாட்டி. நினைத்தால் என்னை கேன்சல் செய்து நாகர்கோவிலுக்கு அனுப்பிவிடலாம். உலகத்தில் எல்லாப் பெண்டாட்டிகளுக்கும் அந்த ஆசை உண்டு. இவள் கையில் கம்ப்யூட்டர் வழியாக அதிகாரமும் உண்டு.

இருநூறு அடி உயரத்தில், எரிகிற குழாய்க்குப் பக்கத்தில் நின்று டீ குடித்தவன் நான். ஊசியைக் கண்டு பயமா? பயமில்லை. பிடிக்காது. பயத்துக்கும் பிடிக்காததுக்கும் வித்தியாசம் உண்டு. ஊசியைக் கண்டால் எனக்குக் கண் இருட்டும். அவ்வளவுதான்.

அந்த வாரம்தான் எலி வந்தது.

எங்கள் வில்லா பழையது. பாதியில் நாங்கள். மீதிப் பாதியில் செய்கு முகம்மது. காயல்பட்டினத்துக்காரர். டைப்பிங் சென்டர் வைத்திருக்கிறார். விசா, வாடகை, பிறப்பு, இறப்பு, எந்த விண்ணப்பமானாலும் அடித்துக் கொடுப்பார். வீட்டுக்குப் பின்னால் ஒரு முற்றம். முற்றத்துக்குப் பின்னால் சுவர். சுவருக்குப் பின்னால் மணல். மணலுக்குப் பின்னால் மலை வரைக்கும் மணல்.

முற்றத்தில் ஒரு வாழை நிற்கிறது. மட்டி வாழை. நாகர்கோவில் மண்ணில் பிறந்தது. இங்கே எப்படி வந்தது என்று கேட்கக் கூடாது. மூன்று வருஷமாகக் குலை தள்ளவில்லை. நானும் விடவில்லை.

ஒரு நாள் காலை பார்த்தால் வாழை மூட்டில் ஒரு குழி. பக்கத்தில் இன்னொன்று. வேரைக் கடித்துப் போட்டிருக்கிறது. இருபது நிமிஷம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். குழியிலிருந்து ஒரு தலை வந்தது. பெரிய கண். மணல் நிற உடம்பு. உடம்பைவிட நீளமாக வால், நுனியில் குஞ்சம். நம் ஊர் வயல் வெள்ளெலிக்கு அரபு நாட்டில் ஒரு சித்தப்பா மகன் இருந்தால் இப்படித்தான் இருப்பான்.

மருந்து வைத்துவிடலாம் என்றேன். சொன்ன வாயை மூடுவதற்குள் கஃபீல் வந்துவிட்டாள்.

"வெசம் வச்சியளோ, நான் இந்த வீட்டுல சோறு பொங்க மாட்டேன்."

"எலிதானே மேரி."

"உயிரக் காப்பாத்த நான் சம்பளம் வாங்குதேன். எனக்க வீட்டுல கொலையா? அது மூஞ்சியப் பாத்தியளா? உங்கள மாதிரியே இருக்கு."

"எந்த விதத்துல?"

"வெளிய வர மாட்டேங்கு. வந்தா தின்னுகதுக்குத்தான் வருது."

அவளே வழியும் சொன்னாள். கொல்லாமல் விரட்ட வேண்டும். கிளினிக்கில் யாரோ சொன்னார்களாம். பூண்டு வாசனை அதற்கு ஆகாதாம்.

ஒரு கிலோ பூண்டு உரித்தேன். நுணுக்கிக் குழிகளில் போட்டேன். மறுநாள் எலி நாலடி தள்ளிப் புதுக் குழி தோண்டியிருந்தது. மிச்சப் பூண்டு ரெண்டு ஜாடி ஊறுகாயாக அடுக்களையில் உட்கார்ந்திருந்தது. அதை அப்போது நான் கவனிக்கவில்லை.

அடுத்து செய்கு முகம்மது வந்தார்.

"அண்ணாச்சி, மண்ணு அதிர்ந்தா அதுக்கு ஆகாது. காலையில அரை மணி, சாயங்காலம் அரை மணி, முற்றத்தைச் சுத்திக் காலை ஓங்கி வைச்சு நடங்க. ஒரே மாசத்துல ஓடிடும்."

"நடக்கிறதா? நான் நடக்க மாட்டேன் பாய். தீர்மானம்."

"நடைன்னு யாரு சொன்னா? இது மிதி."

சரி. மிதி என்றால் வேறு. மிதித்தேன். பாதுகாப்பு பூட்ஸைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டேன். காலை நாற்பது சுற்று. மாலை நாற்பது சுற்று. தரை அதிர்ந்தது. செய்கு முகம்மது வீட்டு அலமாரியில் கண்ணாடித் தம்ளர் அதிர்ந்தது. எலி குழி வாசலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. முப்பதாவது சுற்றுக்குப் பிறகு போரடித்தது போல. உள்ளே போய்விட்டது.

பிறகு பள்ளம். வாழையைச் சுற்றி ரெண்டடி ஆழம் தோண்டி கம்பி வலை புதைக்க வேண்டும் என்றாள் மேரி. பதினோரு நாள் தோண்டினேன். ராசல் கைமா மண் சும்மா விடாது. மேலே மணல், கீழே கல். சட்டை பிழிந்தால் ஒரு வாளி. ராத்திரி ரெண்டு தோசையோடு படுத்தால் காலை வரை அசைவு கிடையாது. டிவி எங்கே இருக்கிறது என்றே மறந்துவிட்டது. வலை புதைத்து மூடினேன். எலி மேல் வழியாக ஏறி வந்தது. எல்லோரும் வருகிற மாதிரி.

கடைசியில் பொறிதான் என்று முடிவு செய்தேன். கொல்லாத பொறி. கடைக்காரனிடம் கேட்டேன். "மாஃபி" என்றான். இல்லையாம். கொல்லுகிற பொறி நாலு விதம் வைத்திருக்கிறான். இரக்கமுள்ள பொறி ஒன்றுகூட இல்லை. நானே செய்தேன். கம்பி வலை, ஒரு ஸ்பிரிங், ஒரு தகரக் கதவு. உள்ளே ஒரு பேரீச்சம்பழம். மறுநாள் காலை உள்ளே எலி. பழத்தைத் தின்றுவிட்டு, கொட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

இனிதான் நான் யார் என்று காட்ட வேண்டிய இடம்.

பிளான்டில் ஓர் ஆணி பிடுங்குவதாக இருந்தாலும் பெர்மிட் வேண்டும். ஒருவன் செய்வான். செய்ததை எழுதுவான். இன்னொருவன் படித்து, சரிபார்த்து, கையெழுத்துப் போடுவான். அந்தச் சரிபார்க்கிற ஆள் நான், தேவசுந்தரம். படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஓர் இன்ஜினியரை நாள் முழுக்க கேட்டுக்கு வெளியே வெயிலில் நிறுத்தியிருக்கிறேன். அழுதான். நான் இளகவில்லை.

எனவே எலியை நாடு கடத்தவும் ஒரு படிவம். செய்கு முகம்மது அடித்துக் கொடுத்தார். தேதி. கொண்டுபோகிறவர். வாகனம். விட்ட இடம். காரணம். கையெழுத்து. கீழே, சரிபார்த்தவர்.

கொண்டுபோகிறவள் மேரிதான். கார் அவளுடையது. எனக்கு லைசென்ஸ் கிடையாது. ஏழு தடவை டெஸ்ட்டில் என்னைத் தோற்கடித்தார்கள். எட்டாவது தடவை நான் போகாமல் அவர்களைத் தோற்கடித்தேன்.

"டூட்டிக்குப் போற வழியில விட்டுடு. பதினாலு கிலோமீட்டர் தள்ளி, ஒட்டகப் பண்ணைக்குப் பக்கம். பக்கத்துல விட்டா திரும்பி வந்துரும்."

"எங்கன விட்டேன்னு எழுதித் தாறேன். நீங்க படிச்சிக்கிடுங்க."

"அதுதான் முறை."

அவளே ஒரு யோசனையும் சொன்னாள். எலி வால் குஞ்சத்தில் கிளினிக் ஊதா மருந்து ஒரு சொட்டு வைத்தாள். அதுவேதான் திரும்புகிறதா, வேறு ஆளா என்று தெரிய வேண்டும் அல்லவா? மூளைக்காரி. சாயங்காலம் காலிப் பொறியையும் படிவத்தையும் நீட்டினாள். 'சரிபார்த்தேன்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டு ஃபைலில் வைத்தேன்.

மூன்றாம் நாள் குழியிலிருந்து ஒரு தலை வந்தது. பிறகு உடம்பு. பிறகு ஊதா வால்.

பதினாலு கிலோமீட்டர்! நாலு வழிச் சாலையைத் தாண்டி, லாரிகளைத் தாண்டி, நாற்பது கிராம் எலி நடந்து வந்திருக்கிறது. எதற்கு? என் வாழை வேரைக் கடிக்க. எனக்குக் கோபம் வந்தது. கூடவே கொஞ்சம் மரியாதையும் வந்தது.

"விட்டாச்சா மேரி?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன்.

"விட்டாச்சி. எழுதியிருக்கேன்."

கையெழுத்து. ஃபைல். மூன்று நாளில் ஊதா வால். நான் மிதியைக் கூட்டினேன். அறுபது சுற்று. எண்பது சுற்று. அந்த நாற்பது கிராம் நடக்கிற தூரத்தில் நான் கால்வாசியாவது மிதிக்க வேண்டாமா? இப்படிப் பதினோரு தடவை.

பிப்ரவரி ஒன்று வந்தது. ரத்தம் எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தேன். சாயங்காலம் தாளோடு வந்தாள். மேஜையில் வைத்தாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

ஆறு புள்ளி ஒன்பது.

"ஊசி?"

"வேண்டாமாம்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா? நடக்காமலே குறைச்சுட்டேன். ஒரு நாள் நடக்கல! இதை உன் டாக்டர்கிட்ட சொல்லு. பாய்! பாய், இங்க வாங்க!"

செய்கு முகம்மது வந்தார். வெற்றி தனியாக வந்தால் ருசிக்காது. எலியின் சாதனையையும் சொல்ல வேண்டும். பதினோரு தடவை. மொத்தம் எத்தனை கிலோமீட்டர் என்று கூட்டிக் காட்டலாம் என்று ஃபைலை எடுத்தேன்.

"முதல் தடவை எங்க விட்டாள்னு படிக்கிறேன், கேளுங்க பாய். விட்ட இடம்..."

நிறுத்தினேன்.

"என்ன அண்ணாச்சி?"

"விட்ட இடம்: பின்சுவருக்கு அந்தப் பக்கம். நாற்பது காலடி."

அடுத்த தாளைப் புரட்டினேன். பின்சுவருக்கு அந்தப் பக்கம். அதற்கடுத்தது. பின்சுவருக்கு அந்தப் பக்கம். பேரீச்சம்பழம் ஒன்று கூடவே வைக்கப்பட்டது. ஏழாவது தாளில், எலி போக மறுத்தது, தள்ளிவிட்டேன். எல்லாம் நர்ஸ் எழுத்து. அழகாக, தெளிவாக, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல். காரணம் என்ற இடத்தில் பதினோரு தடவையும் ஒரே வரி. 'வீட்டுக்காரருக்குச் சர்க்கரை.'

ஒவ்வொரு தாளின் அடியிலும் 'சரிபார்த்தேன்.' என் கையெழுத்து.

செய்கு முகம்மது கூரையைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. மிதிக்கச் சொன்னது யார் என்று அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"பாய், நீருமா?"

"நான் படிவம் மட்டும்தான் அண்ணாச்சி அடிச்சேன். மிதி, மேரி அக்கா சொல்லிக் குடுத்தது." சொல்லிக்கொண்டே வாசலுக்கு நகர்ந்துவிட்டார்.

மேரி சேலை முந்தானையில் கை துடைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏமாத்திட்டே."

"நான் ஒரு வார்த்தை பொய் சொன்னேனா? எழுதித் தந்தேன். படிக்காதது ஆரு?"

"பிளான்டுல ஒவ்வொரு எழுத்தும் படிப்பேன்."

"வீட்டுல?"

"நீ எழுதினது. அதை எதுக்குப் படிக்கணும்?"

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தாளை எடுத்து ஆறு புள்ளி ஒன்பதை மறுபடி பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

"மூணு வருசமா அந்த சோபாவுல கெடந்திய. டூட்டியில இருக்கும்போது போன் அடிச்சா எனக்கு நெஞ்சு நிக்கும். இப்ப போன் அடிச்சா, 'மேரி, எலி மறுபடி வந்துட்டு'ன்னு சத்தம் போடுதிய. எனக்கு அது போதும்."

பதினோரு தாளையும் அடுக்கி ஃபைலை மூடினேன்.

"சரி," என்றேன். "ஆனா எலி போகணும். வாழை குலை தள்ளணும். இனி ஏமாத்து வேலை கிடையாது. தூரமா, நிஜமா, கொண்டுபோய் விடணும். படிவத்தை முதல்லயே எழுது. நான் படிச்சுத்தான் கையெழுத்துப் போடுவேன்."

"அதுதான் முறை," என்றாள்.

உட்கார்ந்து எழுதினாள். நீட்டினாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டேன்.

விட வேண்டிய இடம்: மலையடிவாரம், நாலு கிலோமீட்டர். கொண்டுபோகிறவர்: தேவசுந்தரம். வாகனம்: மாஃபி.

இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.