உஸ்தாத் ரவூஃபின் கடவுச்சொல்

“தப்பாம் அண்ணி. ஹாசிம் இல்லையாம்,” என்றார் பஹ்ஜத்.

இன்ஷிராவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடவுச்சொல்லாக மூத்த மகன் பெயரை வைக்காமல் ஒரு தகப்பன் வேறு எதைத்தான் வைப்பான்?

அவள் கணவர் உஸ்தாத் ரவூஃப் காலமாகி அன்றோடு நாற்பது நாள். கெய்ரோ பத்திரிகை ஒன்றில் இருபத்திரண்டு வருஷம் செவ்வாய்தோறும் கம்ப்யூட்டர், போன் பற்றி எழுதியவர். அவர்கள் குடியிருந்த ஷுப்ரா பேட்டையில் பாதிப் பேர் அவரைக் கேட்காமல் போன் வாங்க மாட்டார்கள். அவ்வளவு பெரிய மனிதர், சாயங்காலம் நாலு மணிக்கு எந்தக் கூட்டத்துக்குக் கூப்பிட்டாலும் போகமாட்டார். வீட்டுக்கு வந்து, மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, திராட்சை இலையில் அரிசி வைத்துச் சுருட்டிக்கொண்டிருப்பார்.

நாற்பதாம் நாள் நினைவுக்காக, அவர் குடும்பத்தோடு இருக்கும் படம் ஒன்றைப் பத்திரிகைக்காரர்கள் கேட்டிருந்தார்கள். பிற்பகல் அஸர் தொழுகைக்குள் வேண்டும். படமெல்லாம் லேப்டாப்புக்குள் இருந்தது. அதைத் திறந்தால் கடவுச்சொல் கேட்டது.

ரவூஃபின் தம்பி பஹ்ஜத் ஃப்ரிட்ஜ் விற்பவர். மின்சாரத்தில் ஓடுகிற எல்லாம் ஒரே சங்கதிதான் என்பது அவர் கட்சி. அந்தத் தைரியத்தில்தான் எதிரே உட்கார்ந்திருந்தார்.

“என் பேரைப் போடுங்க சித்தப்பா, அப்பாவுக்கு நான்னா உயிரு,” என்றாள் மகள் காதா.

போட்டார். தப்பு. பெரிய எழுத்தில், சின்ன எழுத்தில், பிறந்த வருஷம் சேர்த்து எல்லாம் போட்டார். லேப்டாப் கோபித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் பூட்டிக்கொண்டது.

இன்ஷிரா காபி போடச் சமையலறைக்குப் போனாள். அது யார் பெயர் என்று அவளுக்கு இப்போது தெரிந்துவிட்டது. ஊரறிய அவர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நாலு பேர் முன்னால் பெண்டாட்டி பெயரைச் சொல்வது மரியாதை இல்லை. அவள் எல்லோருக்கும் உம்மு ஹாசிம், ஹாசிமின் அம்மா. ஆனால் அந்தப் பெட்டிக்குள் யார் கேட்கப் போகிறார்கள்? அங்கேயாவது சொல்லியிருப்பார். அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது.

துக்க வீட்டுக் காபி, சர்க்கரை இல்லாமல் வந்தது. “வேணும்னா என் பேரையும் ஒரு தடவை போட்டுப் பாருங்களேன். சும்மாதான்,” என்றாள்.

பஹ்ஜத் தலையைச் சொறிந்தார். “போட்டுடலாம் அண்ணி. ஆனா... உங்க பேரு என்ன?”

“முப்பது வருஷமா இந்த வீட்ல சாப்பிடறீங்க!”

“உம்மு ஹாசிம்னுதானே தெரியும்!”

காதா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். பஹ்ஜத் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். தப்பு. ஐந்து நிமிஷம் பதினைந்து ஆயிற்று.

இன்ஷிரா கோப்பைகளை எடுத்து அடுக்கினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்த காதா, அப்பாவின் பழைய கட்டுரைகள் ஒட்டிய நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

“இதோ பாரும்மா, அப்பாவே எழுதியிருக்கார். ‘மனைவி, மக்கள் பெயரை ஒருபோதும் வைக்காதீர்கள். திருடன் முதலில் அதைத்தான் முயல்வான்.’ அதான் உன் பேரு இல்ல!”

“சரி, எங்க பேரு இல்ல,” என்றாள் இன்ஷிரா மெதுவாக. “அப்ப எவ பேரு?”

ஆறுதல் சொல்ல வந்தது இப்படித் திரும்பும் என்று காதா நினைக்கவில்லை.

“அண்ணன் அப்படிப்பட்டவர் இல்ல அண்ணி,” என்று பஹ்ஜத் பதறினார். “சமாலிக்கா இருக்கும். ஃபுட்பால்னா உயிரை விடுவாரே!”

பதினைந்து நிமிஷம் கழித்து, கோப்பை ஜெயித்த வருஷத்தோடு சேர்த்து சமாலிக் அணியின் பெயரை அடித்தார். திரை சிவந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை தப்பினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று எழுத்து வந்தது.

“யாரும் தொடாதீங்க,” என்றாள் இன்ஷிரா. பிள்ளைகள் தவழ்ந்தது, பள்ளிக்கூடம் போனது, கடற்கரையில் விழுந்து புரண்டது எல்லாம் அதற்குள் இருந்தது. “படமே வேண்டாம்னு பத்திரிகைக்குச் சொல்லிடு. அது எவ பேரோ, எனக்குத் தெரியவே வேண்டாம்.”

முப்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து இலை சுருட்டிய மனிதரை நாற்பதாம் நாளில் சந்தேகப்படுகிறோமே என்று அவளுக்கே தன்மேல் ஆத்திரம் வந்தது.

கதவு தட்டப்பட்டது. கீழே இஸ்திரிக் கடை வைத்திருக்கும் ஷஹாத்தா, காதாவின் கறுப்பு உடையைத் தேய்த்து எடுத்து வந்திருந்தார். வெள்ளிக்கிழமைகளில் குவைத்தில் இருக்கும் மகளோடு முகம் பார்த்துப் பேச இந்த லேப்டாப்புக்குத்தான் வருவார். உடையை நாற்காலியில் போட்டவர், திரையைப் பார்த்தார்.

“அட, மூடிக்கிச்சா?” என்று கையை நீட்டி ஒரே ஒரு பொத்தானை அழுத்தினார்.

“ஐயோ!” என்று மூன்று பேரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

லேப்டாப் திறந்துகொண்டது. திரை முழுக்கக் கடற்கரை. நடுவில் இன்ஷிரா, காற்றில் பறந்த முக்காட்டைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பஹ்ஜத் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “ஷஹாத்தா! என்னய்யா பேரு அடிச்ச?”

“பேரா? ஒண்ணும் அடிக்கலீங்களே, வெறும் என்டர்தான். ஊருக்கெல்லாம் பூட்டச் சொல்லி எழுதறீங்களே, உங்களுதுல பூட்டக் காணோமேன்னு நானே ஒருநாள் உஸ்தாதைக் கேட்டேன். ‘எனக்கும் உம்மு ஹாசிமுக்கும் நடுவுல பூட்டு எதுக்குடா’ன்னுட்டாரு.”