நல்ல சீட்டைத் தள்ளிவிட்டவர்கள்

அடுத்தவர்களுடைய நல்ல குணத்தால் இவ்வளவு அவதிப்பட்ட மனிதர் பூமியில் வேறு யாரும் இருக்க முடியாது. பெங்களூர் போகும் எங்கள் காலை ரயிலில் அவருக்கு ‘ரூல்ஸ்’ என்றே பெயர். தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் ஏறுவார். உட்காருவதற்குள் புது ரூல் ஒன்றைச் சொல்லிவிடுவார்.

ரம்மியில் அதிர்ஷ்டக்காரன் ஜெயிக்கிறான் என்று அவருக்கு ஆறாத கோபம். கல்யாணப் பத்திரிகைகளை வெட்டித் தாமே ஒரு சீட்டு விளையாட்டு செய்தார். சீட்டுக்குச் சீட்டு ஒரு சுரங்கச் சாமான்: விளக்கு, பம்பு, ஆளை இறக்குகிற கேஜ். கைக்கு வந்த கட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்து ஆளிடம் தள்ள வேண்டும். கட்டு சுற்றி வரும். சாமான்கள் பொருந்தி, அதிகத் தங்கம் எடுப்பவருக்கு ஜெயம். எதை வைத்துக்கொள்வது, எதை அடுத்தவருக்குக் கிடைக்காமல் செய்வது என்பதில்தான் சாமர்த்தியம்.

பெங்களூரில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்காரர், “மூளைக்காரன் ஜெயிச்சா அச்சடிக்கலாம்” என்று சொல்லியிருந்தார். ரூல்ஸுக்கு அதுவே உயிராகிவிட்டது. சோதித்துப் பார்க்க அகப்பட்டவர்கள் நானும் தினமும் கூட வரும் ஸ்டெல்லா அக்காவும்.

எங்கள் பெட்டியில் டிபன் டப்பா சுற்றி வரும். உடைந்த இட்லியை எடுத்துக்கொண்டு முழுசை அடுத்தவருக்கு விடுவது வழக்கம். சீட்டு வந்தபோதும் கை அப்படியே செய்தது.

“இன்னாங்க இது, கேஜைத் தள்ளிட்டீங்க? நீங்க எப்படி இறங்குவீங்க?” என்றார் ரூல்ஸ்.

“அக்காகிட்ட விளக்கு கீது. பாவம், அவங்க இறங்கட்டும்.”

அக்கா அதை வைத்துக்கொண்டாரா? அப்படியே ரூல்ஸிடம் தள்ளினார். “உன் ஆட்டம்பா. நீயே வச்சிக்க.”

தினமும் ரூல்ஸே ஜெயித்தார். அழாத குறை.

கடைசியில், நல்ல சீட்டைக் கொடுத்தால் கொடுத்தவருக்குப் பாயிண்டு என்று ரூலை மாற்றினார். மறுநாள் நான் ஒன்றையும் விடவில்லை.

“இப்ப ஏங்க குடுக்க மாட்றீங்க?”

“பாயிண்டுக்குக் குடுத்தா முருகன் ஒத்துக்குவாரா?”

“முருகன் இந்த ஆட்டத்துல இல்லீங்க.”

“அவரு இல்லாத எடம் எதுங்க?”

சீட்டுக் கட்டால் நெற்றியில் அடித்துக்கொண்டார். எனக்கும் அலுத்துவிட்டது. கண்ணை மூடிச் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டு போன பயணம், திட்டு வாங்குகிற பயணமாகிவிட்டது.

கடைக்காரர் வரச் சொன்ன நாளில் நான் முருகனிடமும் அக்கா மாதாவிடமும் வேண்டிக்கொண்டோம். சாயங்கால ரயிலில் ரூல்ஸ் முகம் தொங்கிப்போய் ஏறினார்.

“ஊத்திக்கிச்சா?” என்றார் அக்கா.

“இல்லக்கா, பிரமாதமா ஓடிச்சு. கடைப் பசங்க ஒரு நல்ல சீட்டைக்கூட விடல. கெட்டிக்காரன்தான் ஜெயிச்சான். அச்சடிக்க ஒத்துக்கிட்டாரு.”

“அப்புறம் இன்னா மூஞ்சி இது?”

“நானும் ஆடினேன், தோத்தேன். பக்கத்துல இருந்தவன் திரும்பிக்கூடப் பாக்கலக்கா.”

பையிலிருந்து பழைய கட்டை எடுத்துப் பிரித்தார். எனக்கு வந்ததில் நல்லதாக ஒன்று இருந்தது. தள்ளிவிட்டேன். அக்காவும் தள்ளினார்.

“சொன்னா கேக்கவே மாட்டீங்களா?” என்று திட்டிக்கொண்டே ரூல்ஸ் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

திட்டட்டும். அவர் வராத நாளில் எனக்குப் பெங்களூர் ரொம்ப தூரமாக இருக்கிறது.