அக்கா சொல்லி ஏறிய கப்பல்

மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு,

வழக்கமாக 'அன்புள்ள அக்கா' என்றுதான் ஆரம்பிப்பேன். இந்தத் தடவை அன்பை எடுத்துவிட்டேன். மரியாதையை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன், அதுவும் அத்தான் முகத்துக்காக. இங்கே நானும் என் வீட்டுக்காரியும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். அடுத்தவர்களைக் கடலுக்கு அனுப்பிவிட்டுக் கரையில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்ன குறை. அத்தானின் முழங்கால் வலியை விசாரித்ததாகச் சொல்லவும்.

போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ நாலு வாக்கியம் பேசிவிடுகிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே புக முடியாது. உன் மாடி வீட்டு டீச்சரம்மாவும் அவர் கணவரும் சொகுசுக் கப்பலில் சுற்றுலா போகப் போகிறார்களாம். "நீதான் போயிட்டு வந்துட்டியே, அவங்களுக்கு உபயோகமா நாலு யோசனை எழுதிக் குடேன்" என்று கொஞ்சமும் கூச்சமில்லாமல் கேட்டாய். எழுதுகிறேன். அவருக்கு முழுவதையும் வாசித்துக் காட்டு. உனக்குப் பிடிக்காத இடம் வந்தால் பக்கத்தைத் தள்ளிவிடாதே.

முதல் யோசனை, கப்பலில் காலே வைக்காதவர்களிடம் கப்பலைப் பற்றி யோசனை கேட்கக் கூடாது. நீ வாழ்நாளில் பார்த்த பெரிய தண்ணீர் உன் வீட்டு மொட்டைமாடித் தொட்டி. ஆனாலும் என்னை உட்கார வைத்துப் பாடம் நடத்தினாய். "பள்ளிக்கூட லீவுல போகாதே, கூட்டமில்லாத மாசமாப் பாத்துப் போ, விலை பாதியா இறங்கும்" என்றாய். சரி என்றேன். "கீழ்த் தளத்துல நட்ட நடு அறையா எடு, ஆட்டம் தெரியாது. மேல ஓரத்துல எடுத்தா வயித்தைப் பொரட்டும்" என்றாய். அதற்கும் சரி என்றேன். பயண முகவரிடம் நீயே பேசி, அறை எண்ணைக்கூட நீயே சொல்லி வாங்கினாய். கடைக்குட்டித் தம்பி மேல் இவ்வளவு பாசமா என்று நான் உருகிப் போனேன். என் வீட்டுக்காரி அப்போது தலையைக் குனிந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். துணி மடிக்கும்போது அவள் தனக்குத்தானே சிரித்தால் எனக்கு ஏதோ வரப்போகிறது என்று இத்தனை வருஷத்தில் நான் கற்றிருக்க வேண்டும். அந்த நடு அறைக்குப் பக்கத்து அறையை யாருக்கு வாங்கிக் கொடுத்தாய் என்பதை மட்டும் நீயும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

டீச்சரம்மாவுக்கு எங்கள் கதை தெரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். நாங்கள் மூன்று பேர். மூத்தவள் நீ, நடுவில் அண்ணன், கடைசி நான். அண்ணனும் நானும் ஒரே பட்டறையில் ஃபிரிட்ஜ் பழுது பார்த்தோம். ஒரு நாள் ஐஸ்கிரீம் கடைக்காரர் ஒருவர் வந்து, பழுது பார்த்து அனுப்பிய பெட்டி மறுபடியும் குளிரவில்லை என்று கத்தினார். பட்டறை நிறைய ஆட்கள் இருக்கும்போது அண்ணன் அவரிடம், "தம்பி கை வெச்சதா? அப்ப நானே ஒரு தடவை பாத்துடறேன்" என்றான். நான் அன்றே என் ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, அதே தெருவில் எதிர்வரிசையில் கடை போட்டேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு கிடையாது. காலையில் அவன் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டால் நான் ரேடியோவைச் சத்தமாக வைப்பேன். உன் வீட்டுக்கு நான் காலையில் வந்தால் அவன் சாயங்காலம் வருவான். வெளியூரிலிருந்து உன் பெண் வந்தபோதுகூட, ஒரே கேக்கை நீ இரண்டு தடவை வெட்ட வேண்டியிருந்தது. அது உனக்கு வருத்தம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வருத்தப்படுகிறவர்கள் அழ வேண்டும், அல்லது திட்ட வேண்டும். இப்படிச் சதி செய்யக் கூடாது.

இரண்டாவது, கப்பல் புறப்படும் முன் ஓர் ஒத்திகை வைப்பார்கள். ஆபத்து வந்தால் யார் எங்கே கூட வேண்டும் என்று காட்டுவதற்காக. டீச்சரம்மா அதை விளையாட்டாக நினைத்து அறையில் படுத்துவிட வேண்டாம், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஆள் அனுப்புவார்கள். பக்கத்துப் பக்கத்து அறைக்காரர்கள் ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்பது சட்டம். நான் ஆரஞ்சு நிற மிதவை அங்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். பக்கத்தில் நின்றவருக்கு வாரை மாட்டத் தெரியவில்லை, பாவம், உதவலாமே என்று திரும்பிப் பார்த்தால் அண்ணன். அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அண்ணி என் வீட்டுக்காரியைப் பார்த்து "வந்தாச்சா?" என்றாள், இவள் "வந்தாச்சு அண்ணி" என்றாள், இரண்டு பேர் முகத்திலும் ஆச்சரியம் என்பது மருந்துக்குக்கூட இல்லை. அந்த இடத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. இறங்கிவிடலாம் என்று படிக்கட்டுக்கு ஓடினேன். படிக்கட்டை ஏற்கெனவே இழுத்துக்கொண்டுவிட்டார்கள்.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். "பெரிய பெட்டியைத் துறைமுகத்துலயே வாங்கிக்குவாங்க, அறைக்கு வர நேரமாகும், மாத்திரையும் ஒரு மாத்துத் துணியும் கைப்பையில வெச்சுக்கோ" என்றாய். நல்ல யோசனை, ஒத்துக்கொள்கிறேன். "பெட்டியில செவப்புத் துணி கட்டு, அடையாளம் தெரியும்" என்றாய். அதுவும் நல்ல யோசனைதான், ஒரே ஒரு ஆளுக்குச் சொல்லியிருந்தால். ஒரே கடையில் ஒரே நிறத்தில் இரண்டு பெட்டி வாங்கி இரண்டு தம்பிகளுக்கும் கொடுத்துவிட்டு, இரண்டு பேரையும் சிவப்புத் துணி கட்டச் சொன்னால் அது யாருக்கு அடையாளம்? அவன் பெட்டி என் அறைக்கு வந்தது, என் பெட்டி அவன் அறைக்குப் போயிற்று. "பக்கத்து ரூம்தானே, தட்டி மாத்திட்டு வாங்களேன்" என்றாள் இவள். என் உயிரே போனாலும் அந்தக் கதவைத் தட்ட மாட்டேன் என்றேன். அவனும் உள்ளே இதையே சொல்லியிருப்பான். அன்றைக்குப் பார்த்துக் கோட்டுப் போட்டுத்தான் விருந்துக்கு வர வேண்டுமாம். அவன் கோட்டில் என் விரல் நுனிகூட வெளியே தெரியவில்லை. என் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்த அவன், மூச்சை இழுத்தவன் விருந்து முடியும்வரை விடவில்லை.

அந்த விருந்தில் மேஜை எது தெரியுமா. "தனி மேஜை கேக்காதே, சேர்ந்து உக்கார்ற மேஜையா சொல்லு, நாலு மனுஷங்களோட பழகலாம்" என்றாயே, அந்த மேஜை. நாலு மனுஷர்கள் நாங்கள் இரண்டு பேரும் அவர்கள் இரண்டு பேரும்தான். உப்பு அவன் கைப்பக்கம் இருந்தது. பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "அவர்கிட்டேருந்து அந்த உப்பை வாங்கிக் குடுங்க" என்றேன். அண்ணன் உப்பை அவரிடம் கொடுத்து, "அவருக்கு ரத்த அழுத்தம் இருக்கு, பாத்துப் போட்டுக்கச் சொல்லுங்க" என்றான். "எனக்கு ரத்த அழுத்தம் வந்ததே யாரால்னு அவரைக் கேளுங்க" என்றேன். பாவம் அந்த மனுஷர், மறுநாளிலிருந்து எங்கள் மேஜையில் இரண்டு உப்பு வைத்தார்.

இனி முக்கியமான யோசனை. டீச்சரம்மா பேனாவை எடுத்துக்கொள்ளட்டும். "கரையில இறங்கினா கப்பல்காரங்க பஸ்ல போகாதே, விலை அதிகம். நீயே சுத்திப் பாத்துட்டு, கிளம்பறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி திரும்பிடு" என்றாய். எந்தக் கடிகாரப்படி ரெண்டு மணி நேரம் என்று சொன்னாயா? கப்பலுக்கு ஒரு மணி, கரைக்கு ஒரு மணி, அக்கா. கப்பல் தன் கடிகாரத்தை மாற்றாது. நம் போன் கரையில் இறங்கியதும் நம்மைக் கேட்காமலே அந்த ஊர் நேரத்துக்கு மாறிக்கொள்ளும். கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக்கொண்டு அதை மட்டுமே நம்ப வேண்டும். எனக்கு இது தெரியாது. பெண்கள் இரண்டு பேரும் உன் பேச்சைக் கேட்காமல் கப்பல் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்கள், கெட்டிக்காரிகள். நான் தனியாக நடந்தேன். பார்க்க எத்தனையோ இருந்த ஊரில் என் கால் என்னைப் பழைய கம்ப்ரஸர் விற்கும் தெருவுக்குக் கொண்டுபோய் விட்டது. எதிர்வரிசையில் குனிந்து மோட்டாரைப் புரட்டிக்கொண்டிருந்தவன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

என் போன்படி நேரம் தாராளமாக இருந்தது. ஆனால் அண்ணனுக்கு என்னவோ ஆயிற்று. தெருவைத் தாண்டி வந்து என் பக்கத்தில் நின்று இருமினான். சட்டைக் கையை மடித்துக் கடிகாரத்தைத் துடைத்தான். கடைக்காரரிடம், "மணி ஆச்சுங்க, கப்பல் கிளம்பிடும்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னான். நான் பார்த்து வைத்திருந்த கம்ப்ரஸரை அமுக்குவதற்காக என்னைக் கிளப்பப் பார்க்கிறான் என்று நினைத்தேன். வேண்டுமென்றே ஒரு நாற்காலியைக் கேட்டு வாங்கிப் போட்டு உட்கார்ந்தேன். அவன் தெருமுனை வரை போனான், திரும்பி வந்தான். மறுபடி போனான், மறுபடி வந்தான். நான் ஆற அமர எழுந்து துறைமுகத்துக்கு நடந்தபோது நாலடி பின்னால் அவனும் வந்தான். போய்ப் பார்த்தால் கப்பல் கரையை விட்டு நகர்ந்துவிட்டது. மேல்தளத்தில் நம் வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் கையசைப்பதாக நினைத்தேன். தலையில் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தான். "மணி என்னன்னு ஒரு வார்த்தை கேட்டா வாய் தேஞ்சா போயிடும்?"

"ஒரு வார்த்தை சொன்னா உன் வாய் தேஞ்சா போயிடும்?"

"சொன்னாத்தான் உனக்கு ஏறுமா?"

"உன் கடிகாரம் சரியாத்தானே ஓடிச்சு. நீ போய் ஏறியிருக்க வேண்டியதுதானே. எதுக்கு நின்னே?"

அவன் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். கப்பல் சின்னதாகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "உன்னை விட்டுட்டு ஏறினா உன் பொண்டாட்டி என்னைக் கடல்ல தள்ளிடுவா" என்றான். அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அக்கா, அப்போது எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது. இத்தனை வருஷமாக அவனைத் திட்டுவதற்கென்று சேர்த்து வைத்திருந்ததில் பாதி அந்த இடத்தில் உபயோகமில்லாமல் போய்விட்டது. மீதிப் பாதியை விடாமல் திட்டினேன். அவனும் விடவில்லை. ஐஸ்கிரீம் பெட்டியில் கேஸ் கசிந்தது குழாயைப் பற்றவைத்த இடத்தில் என்றான், பற்றவைத்தது நீதான் என்றேன், நீதான் என்றான். கடைசியில் பார்த்தால் யார் பற்றவைத்தது என்று இரண்டு பேருக்குமே ஞாபகம் இல்லை. துறைமுகக் காவலாளி எங்களுக்கு இரண்டு ஸ்டூலும் தேநீரும் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்.

இதற்கும் டீச்சரம்மாவுக்கு ஒரு யோசனை உண்டு. இறங்கும்போது பாஸ்போர்ட் நகல், கொஞ்சம் பணம், கப்பல் கம்பெனியின் உள்ளூர் முகவர் போன் எண், மூன்றும் சட்டைப்பையில் இருக்க வேண்டும். எங்களிடம் பஸ்ஸுக்குப் போதுமான பணத்தைத் தவிர எதுவும் இல்லை. பெண்கள் புத்தியாக எங்கள் பாஸ்போர்ட்டுகளைக் கப்பல்காரர்களிடம் கொடுத்து முகவரிடம் சேர்த்திருந்தார்கள், பிழைத்தோம். அடுத்த துறைமுகத்துக்குப் பகல் முழுக்கப் பஸ் பயணம். ஜன்னல் பக்கம் எனக்கு வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கினேன், அவன் என் தோளில் சாய்ந்து குறட்டை விட்டான், என் சட்டையெல்லாம் எச்சில். எழுப்பலாம் என்று பார்த்தேன். எழுப்பவில்லை. தோள் இன்னும் வலிக்கிறது. அங்கே கப்பலில் ஏறியதும் என் வீட்டுக்காரி, "உடம்புக்கு ஒண்ணுமில்லையே" என்று கேட்பாள் என்று பார்த்தால், "பேசிட்டீங்களா?" என்கிறாள்.

ஆகவே அக்கா, நான் சொல்வதைக் கேட்டுக்கொள். உன் திட்டம் தோற்றுவிட்டது. நாங்கள் சமாதானமாகவில்லை. அவரவர் கடை, அவரவர் வாசல், எதுவும் மாறவில்லை. டீச்சரம்மா கப்பலுக்கே போக வேண்டாம், வீட்டில் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கச் சொல். இனி உன் யோசனையில் நான் தெருவைக்கூடத் தாண்டுவதாக இல்லை. உன் வீட்டு வாசலையும் மிதிப்பதாக இல்லை.

அத்தானுக்கு என் வணக்கம். உன் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசி. உனக்கு எதுவும் இல்லை.

ஆறாத கோபத்துடன்,
உன் கடைசித் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இதை அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். நீ செய்ததற்கு இந்தக் கோபம் போதாது என்கிறான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒரே வண்டியில் வந்து நேரில் திட்டுவதாக முடிவு செய்திருக்கிறோம். வீட்டிலேயே இரு. மத்தியானச் சாப்பாட்டை இரண்டு பேருக்கும் சேர்த்தே வை.